ஒரு காசை ஏன் அஞ்சு என்கிறோம்?

மகளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நூறு வரை தடங்கல் இல்லாமல் சொல்வாள். இனிக் கூட்டலைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்து, வீட்டில் சேர்ந்திருந்த சில்லறை டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். அதிலிருந்து மூன்று காசுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன். "இது ஒண்ணு, இது ரெண்டு, இது அஞ்சு. மொத்தம் எவ்வளவு?"

மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணு" என்றாள்.

எட்டு என்று திருத்தினேன். அவள் மறுபடி தொட்டு எண்ணினாள். மூணுதான் வந்தது. அஞ்சு என்று அச்சிட்ட காசை முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். என் குரல் ஏறிவிட்டதை அவள் கண்ணில்தான் பார்த்தேன். சற்று நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, ஒரு காசை ஏன் அஞ்சுன்னு சொல்றீங்க?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்தபோது புரிந்தது, சரியாகச் சொன்னவள் அவள்தான். ஒரு பொருளுக்கு ஓர் எண், தொட்டதைத் திரும்பத் தொடக் கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இரண்டு வருடமாக நாங்கள் அவளுக்குப் பழக்கியது அதைத்தான். இப்போது திடீரென்று, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை அஞ்சு என்று நம்பச் சொல்கிறேன். காசின் மதிப்பு என்பது பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. உலோகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

அடுத்த நாள் வீட்டில் ஒரு விதி வைத்தேன். காசில் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றி யாரும் பேசக் கூடாது. காசு ஒரு பொருள். வட்டமாக, கனமாக, சத்தம் போடும் பொருள், அவ்வளவுதான். ஒன்பது வயது மகனுக்கும் அதே விதி. ஏறக்குறைய ஏழு மாதம் அப்படியே போயிற்று. அந்த ஏழு மாதத்தில் நடந்தவற்றைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன். சின்னக் குழந்தைகளோடு காசை வைத்து உட்கார நினைப்பவர்கள் நான் தொடங்கிய இடத்தில் தொடங்க வேண்டாம் என்பதே காரணம்.

முதலில் ஒரு பயத்தைச் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர் வீட்டு இரண்டு வயதுக் குழந்தை வந்திருந்த நாளில், நாங்கள் விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்த ஒரு காசை அது வாயில் போட்டுக்கொண்டது. பற்களுக்கு நடுவே மினுங்கியதால் உடனே தெரிந்தது, வெளியே எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து காசு எடுக்கும்போது எண்ணுவோம், முடித்து வைக்கும்போதும் எண்ணுவோம். முப்பது எடுத்தால் முப்பதும் டப்பாவுக்குள் போன பிறகுதான் எழுந்திருப்பது. பாதுகாப்புக்காக வைத்த அந்த வழக்கம், பத்துப் பத்தாக அடுக்கி எண்ணும் பழக்கமாகத் தானே மாறிவிட்டது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம். அட்டையில் பெரிய வட்டங்கள் வெட்டிக் கொடுங்கள். இன்னொன்று, கைக்கடிகாரத்திலும் ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டப் பேட்டரி பார்ப்பதற்குக் காசு மாதிரியே இருக்கும். சில்லறை டப்பாவில் அது கலந்துவிடவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயில் தங்கி இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாக வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியது காசா பேட்டரியா என்று சந்தேகம் வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காசுகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தோம். எத்தனை கை மாறி வந்ததோ! கழுவும் வேலையை மகளிடமே கொடுத்தேன். முதல் பாடம் அதுவாகவே அமைந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அவள் திருப்பிப் பார்த்தது அப்போதுதான்.

பிரித்து வைக்கச் சொன்னேன். எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அளவு, நிறம் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுச் சத்தத்தைக் கேட்டு, "இது பாடுது, இது இருமுது" என்று இரண்டு குவியல் போட்டாள். மகன் எங்கிருந்தோ ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தான். ஒரே மாதிரி தெரிந்த காசுகளில் சில ஒட்டின, சில ஒட்டவில்லை. அவனுக்கு அது பெரிய மர்மமாகிவிட்டது. ஆண்டை வைத்து அடுக்கிப் பார்த்தபோது மர்மம் பாதி விலகியது: பழையவை ஒட்டவில்லை, புதியவை ஒட்டின. உலோகத்தின் விலை ஏறினால் பல நாடுகள் உள்ளே எஃகை வைத்து மேலே பூச்சு மட்டும் கொடுக்கத் தொடங்குகின்றன. பிரிட்டன் தன் சிறிய செம்புக் காசுகளை 1992-ல் அப்படி மாற்றியது. பிறகு எந்தக் காசைப் பார்த்தாலும் மகன் முதலில் ஆண்டைத்தான் தேடுவான். மகளோ தான் பிறந்த ஆண்டின் காசைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்துக்கொண்டாள். அதை மற்ற காசுகளோடு சேர்க்க இன்றுவரை விடுவதில்லை.

துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமல் கேட்ட காசை எடுக்கும் விளையாட்டில் விளிம்புகள் பேச ஆரம்பித்தன. சிலவற்றின் ஓரம் வழவழப்பாக, சிலவற்றில் வரிவரியாக. ஏன் இந்தக் கோடுகள் என்ற கேள்வி வந்தபோது எனக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருந்தது. தங்கத்திலும் வெள்ளியிலும் காசு அடித்த காலத்தில் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, காசை முழு மதிப்புக்கே செலவழிப்பார்கள். ஓரத்தில் கோடு இருந்தால் சுரண்டியது உடனே தெரிந்துவிடும். ஐசக் நியூட்டன் 1696-ல் இங்கிலாந்தின் நாணயச் சாலைப் பொறுப்புக்கு வந்தபோது, ஓரம் போன பழைய வெள்ளிக் காசுகளைத் திரும்ப வாங்கி விளிம்பு செதுக்கிய காசுகளாக அடிக்கும் பெரும் வேலை நடந்துகொண்டிருந்தது. இன்றைய காசில் சுரண்டி எடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்வையில்லாதவர்கள் காசை இனம் காண அந்தக் கோடுகள் உதவுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு விளையாடிய குழந்தைகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசுக்கு அடியில் ஒரு துளி களிமண் வைத்தால் நகராது. பென்சில் முனையால் இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்துத் தேய்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் முதல் நாள் நிறையக் காகிதம் கிழிந்தது. அச்செடுப்பதற்கு முன் வேறொன்று செய்து பாருங்கள். காசைப் பார்க்காமல் அதன் இரண்டு முகங்களையும் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள், நீங்களும் வரையுங்கள். நாங்கள் நாலு பேரும் வரைந்தோம். தினமும் கையில் புழங்கும் காசில் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, ஆண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். தங்கள் நாட்டின் மிகச் சாதாரணமான காசைப் பெரும்பாலானோர் சரியாக நினைவுகூரவில்லை. மதிப்பு தெரிந்துவிட்டால் அதற்கு மேல் நாம் எதையும் பார்ப்பதில்லை. என் மகளுக்கு மதிப்பு தெரியாது. எங்கள் நாலு படங்களில் அவள் வரைந்ததில்தான் விளிம்பை ஒட்டிய சின்னப் புள்ளிகள் இருந்தன.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நான் இன்னொரு தவறும் செய்தேன். ஒரே மாதிரிக் காசுகள் ஆறை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறையும் வைத்தேன். "ரெண்டு வரிசையிலயும் ஒரே அளவா?" "ஆமா." கீழ் வரிசையை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்பினேன். "இப்போ?" "இதுதான் நிறைய" என்று நீண்ட வரிசையைக் காட்டினாள். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. ஆறேழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் கண்டது. இதைப் படித்திருந்த நான், சரி, இவளுக்கு இன்னும் வரவில்லை என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. 1974-ல் மெக்கரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். வரிசையைக் கலைப்பது பெரியவர் இல்லை, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. அப்போது சரியாகச் சொன்ன குழந்தைகள் பல மடங்கு கூடினார்கள். பெரியவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் பதில் தப்புப் போல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. சில வாரம் கழித்து அவளுடைய துணி யானை தும்மி வரிசையைக் கலைத்துவிட்டது. "ஐயோ, கலைச்சிடுச்சே! இப்போ ரெண்டும் ஒரே அளவா இருக்கா?" "இருக்கு அப்பா, அது தள்ளிதான் விட்டுச்சு, எடுத்துட்டுப் போகல." என் கேள்வி கேட்கும் விதத்தையே இந்த ஒரு சம்பவம் மாற்றிவிட்டது. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும் முன் இப்போது ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது பூவா தலையாதான். காசைச் சுண்டினால் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடும், பாதி நேரம் தேடுவதிலேயே போகும். அதனால் ஒரு குவளைக்குள் போட்டு, கையால் மூடிக் குலுக்கி, மடித்த துண்டின் மேல் கவிழ்ப்போம். கட்டம் போட்ட தாளில் தலை விழுந்தால் ஒரு வரிசையில் கட்டம் அடைப்பது, பூ விழுந்தால் அடுத்த வரிசையில். ஒவ்வொரு முறைக்கு முன்பும் என்ன விழும் என்று சொல்லிவிட்டுத்தான் குலுக்க வேண்டும். இந்தச் சொல்லிவிட்டுச் செய்வது முக்கியம். சொல்லாமல் செய்தால் எது விழுந்தாலும் "எனக்குத் தெரியும்" என்றுவிடுவார்கள், கற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

முதல் இருபதில் தலை பதின்மூன்று. மகன் அந்தக் காசையே சந்தேகப்பட்டான். நூறு ஆனபோது தலை 54. நாலு நாள் சேர்த்து நானூறு ஆனபோது 205. கட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வரிசையும் ஏறத்தாழ ஒரே நீளம். நடுவில் ஒரு நாள் தொடர்ந்து ஆறு தலை விழுந்தது. "அடுத்தது கண்டிப்பா பூதான்" என்றான் மகன். எதையும் கவனிக்காததுபோல் கட்டத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மகள், "காசுக்கு ஞாபகம் இருக்காதே அண்ணா" என்றாள். நிகழ்தகவு என்ற பாடத்தில் பெரியவர்களும் தடுமாறும் இடம் அதுதான். அடுத்து விழுந்ததும் தலையே. அப்படி விழுந்தது அவள் சொன்னதற்கு ஆதாரம் ஆகாது என்பதையும் பிறகு மகனோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டு ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே உட்கார்ந்து ஒரு காசை 10,000 முறை சுண்டினார், தலை 5,067. அவருக்கு முன்பே பிரான்சின் இயற்கையியல் அறிஞர் புஃபோன் 4,040 முறை சுண்டி 2,048 தலை கண்டிருந்தார். புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 24,000 முறை சுண்டியதில் 12,012. இந்த எண்களை வரிசையாக எழுதி, பாதியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மகனைக் கணக்கிடச் சொன்னேன். சதவீதம் என்ற சொல்லை அவன் முதன்முதலில் தானாகப் பயன்படுத்தியது அந்தத் தாளில்தான். வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் கெரிச்சின் விலகல் பெரிது, எங்களுடையது சிறிது. பங்காகப் பார்த்தால் தலைகீழ். அவனுக்கு அதை நம்ப முடியவில்லை. மூன்று முறை வகுத்துப் பார்த்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இதிலேயே ஓர் அருமையான விளையாட்டு உண்டு. ஒருவர் உண்மையாகவே நூறு முறை சுண்டி எழுத வேண்டும். இன்னொருவர் சுண்டாமல் மனத்தில் நினைத்து நூறு பூ-தலை எழுத வேண்டும். எது யாருடையது என்று தெரியாமல் இரண்டு தாளையும் என்னிடம் கொடுப்பார்கள். ஒருமுறை தவிர எப்போதும் சரியாகச் சொன்னேன். ரகசியம் இதுதான்: நிஜத்தில் ஐந்தாறு தலையோ பூவோ தொடர்ந்து விழும் இடம் பெரும்பாலும் வந்தே தீரும். கற்பனையாக எழுதுபவருக்கு மூன்று தலைக்கு மேல் எழுதக் கை வராது. மகன் இதைக் கண்டுபிடித்த பிறகு வேண்டுமென்றே ஏழு தலை எழுதி என்னை ஏமாற்றினான். அந்த ஒருமுறை அதுதான். அவன் பாடத்தை முழுதாகப் பிடித்துவிட்டான் என்று அப்போது தெரிந்தது.

அளப்பதற்கும் காசுபோல் வசதியானது இல்லை. ஒற்றைக் காசை அளவுகோலில் வைத்தால் குழந்தைக் கைக்கு மில்லிமீட்டர் பிடிபடாது. பத்துக் காசை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் குறுக்களவு துல்லியமாக வரும். பத்தை அடுக்கினால் தடிமன். சுற்றளவுக்கு நூல் சுற்றிப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு விளிம்பில் ஒரு மைப்புள்ளி வைத்து, அளவுகோலை ஒட்டி ஐந்து சுற்று உருட்டி, ஓடிய தூரத்தை ஐந்தால் வகுத்தோம். 25 மில்லிமீட்டர் குறுக்களவுக்கு 78 சுற்றளவு வந்தது. மகன் சிறிய காசிலும் வகுத்தான், பெரிய காசிலும் வகுத்தான். எல்லாவற்றிலும் மூன்றும் கொஞ்சமும். "ஏன் எல்லாத்துலயும் இதே வருது?" என்று எரிச்சலோடு கேட்டான். சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் வரும் 'பை' (π) என்ற எண்ணைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அதன்மேல் ஒருவனுக்கு எரிச்சல் வந்திருந்தால், பிறகு அது மறக்காது என்று நினைக்கிறேன்.

உருட்டுவது என்றதும் இதையும் செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு காசுகள். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பை ஒட்டி வழுக்காமல் ஒரு முழுச் சுற்று உருட்டிக்கொண்டு வர வேண்டும். உருளும் காசு தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்? எல்லோரும் ஒன்று என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். காசின் தலையைப் பார்த்துக்கொண்டே உருட்டினால், பாதி வழி வரும்போதே அது ஒரு முறை நிமிர்ந்துவிடுகிறது! மொத்தம் இரண்டு. உருளுவதற்கு ஒன்று, வட்டத்தைச் சுற்றி வருவதற்கு இன்னொன்று. 1982-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான சாட் தேர்வில் இதே வகைக் கேள்வி வந்தது. சிறிய வட்டத்தின் ஆரம் பெரியதில் மூன்றில் ஒரு பங்கு. சரியான விடை நாலு. கொடுத்திருந்த விடைகளில் நாலே கிடையாது. கேள்வி தயாரித்தவர்களுக்கும் அது மூன்றாகத்தான் தோன்றியிருந்தது. எழுதியவர்களில் மூன்று மாணவர்கள்தான் தவறைச் சுட்டிக்காட்டினார்கள். பெரியவர்களும் தேர்வுத்தாளும் தவறலாம், கையிலிருக்கும் காசை உருட்டிப் பார்த்துச் சொல்லலாம் என்பது மகனுக்கு மிகவும் பிடித்துப்போனது.

மகளுக்கு உருட்டலில் ஈடுபாடு இல்லை. ஒரு காசைச் சுற்றி அதே அளவுக் காசுகளை இடைவெளி இல்லாமல் வைக்கச் சொன்னேன். எத்தனை வேண்டும் என்று கேட்டதற்கு எட்டு என்றாள். ஆறு வைத்ததும் வட்டம் அடைந்துவிட்டது. பெரிய காசு, சின்னக் காசு, எதை எடுத்தாலும் ஆறுதான். அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. பூ வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஆறாம் வாய்ப்பாட்டைத் தரையில் பரப்பிவிட்டாள்.

தண்ணீர் விளையாட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவை பல வீடுகளில் நடப்பவைதான். காசின் மேல் மருந்து ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் இருபது சொட்டுக்கு மேலும் வழியாமல் குமிழ்போல் நிற்கும். சோப்பு கலந்தால் சீக்கிரமே சரிந்துவிடும். கிண்ணத்தின் அடியில் காசை வைத்து, விளிம்பு அதை மறைக்கும் இடம் வரை பின்னால் நகர்ந்து நின்றால், வேறொருவர் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காசு மிதந்து மேலே வருவதுபோல் தெரியும். மங்கிய செம்புக் காசை உப்பு கலந்த வினிகரில் போட்டால் சில நிமிடங்களில் பளிச்சென்று ஆகும், கழுவாமல் காயவிட்டால் பச்சை பூக்கும். பழங்காலக் காசு எதுவும் வைத்திருந்தால் அதை மட்டும் இப்படிச் செய்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் மதிப்பது அந்த மங்கலைத்தான். ஒட்டுவது, துளையிடுவது, தட்டி நெளிப்பது எதுவும் வேண்டாம், காசைச் சிதைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

ஏழு மாதம் கழித்து மகளே விதியை மீறினாள். "இதுல என்னமோ எழுதியிருக்கே, படிக்கட்டுமா?"

இந்த முறை மொத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. மாற்று விளையாட்டு ஒன்று வைத்தேன். தாயக்கட்டையை உருட்டி விழுகிற அளவுக்கு ஒன்றுக் காசு எடுத்துக்கொள்வது. அஞ்சு சேர்ந்ததும் அதைக் கொடுத்துவிட்டு அஞ்சு எழுதிய காசை வாங்கிக்கொள்வது. கேட்க எளிது. ஆனால் அவள் தர மறுத்துவிட்டாள். "அஞ்சு குடுத்துட்டு ஒண்ணு வாங்கவா? நான் மாட்டேன்." நியாயமான மறுப்பு. ஏழு மாதமாக எண்ணியவளுக்கு அது நஷ்டமாகத்தானே தெரியும்? நான் வற்புறுத்தவில்லை. ஒரு காகிதப் பட்டையில் ஒன்றுக் காசு அளவில் ஐந்து வட்டம் வரைந்து, அஞ்சு காசை அதன் தலைமாட்டில் வைத்தேன். இந்தக் காசுக்கு இந்தப் பட்டை வால். இரண்டுக்கு இரண்டு வட்ட வால். காசை வாங்கினால் வாலும் சேர்ந்து வரும். எப்போது வேண்டுமானாலும் வாலிலுள்ள வட்டங்களில் ஒன்றுக் காசுகளை நிரப்பித் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். இந்தத் திரும்ப மாற்றும் உரிமைதான் அவள் பயத்தைப் போக்கியது. முதல் வாரம் பத்துத் தடவையாவது மாற்றி மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் குறையவில்லை. இரண்டாம் வாரம் வாலை மடித்துக் காசுக்கு அடியில் வைத்தாள். மூன்றாம் வாரம் வால்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

அதே நேரத்தில் மகனுக்கு வேறு வேலை. ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று வகைக் காசுகளை மட்டும் வைத்துப் பத்தை எத்தனை விதமாகக் கட்டலாம்? கண்டபடி எழுதினால் ஏழெட்டில் நின்றுவிடும். அஞ்சு இரண்டு இருந்தால், அஞ்சு ஒன்று இருந்தால், அஞ்சே இல்லாவிட்டால் என்று ஒழுங்காகப் போனால் ஒன்று, மூன்று, ஆறு, ஆகப் பத்து. ஒழுங்கு என்றால் என்ன என்று அவனுக்கு நான் சொல்லிப் புரியவைத்ததைவிட இந்தப் பத்து நன்றாகப் புரியவைத்தது. அடுத்த கேள்வி: ஒன்று, மூன்று, நாலு என்று காசு அடிக்கிற நாடு ஒன்று இருந்தால் அங்கே ஆறை மிகக் குறைந்த காசில் எப்படிக் கொடுப்பாய்? பெரியதிலிருந்து தொடங்கினால் நாலு, ஒன்று, ஒன்று என மூன்று காசு வேண்டும். மூன்றும் மூன்றும் கொடுத்தால் இரண்டே. உலகத்தில் பல நாடுகள் ஏன் ஒன்று, இரண்டு, ஐந்து என்ற வரிசையை வைத்திருக்கின்றன என்று அவன் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் எப்போதும் குறைந்த காசுதான் வரும் என்று முப்பது வரை சோதித்தும் பார்த்துவிட்டான்.

போன வாரம் மகளின் தோழி வந்திருந்தாள், இவளைவிட ஒரு வயது சின்னவள். டப்பாவைக் கவிழ்த்து இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். "இது ஒண்ணுதானே, ஏன் அஞ்சுன்னு எழுதியிருக்கு?" என்று அந்தக் குழந்தை கேட்டது என் காதில் விழுந்தது. என் மகள் உடனே பதில் சொல்லவில்லை. டப்பாவில் காசு உரசும் சத்தம். பிறகு அவள் குரல்: "முதல்ல இதையெல்லாம் கழுவலாம் வா. அப்புறம் எது பாடுதுன்னு பார்க்கலாம்."